வீட்டுத்தோட்டத்திற் சிறுகுளம் அமைத்தல்

கொழும்பு நகரின் கிழக்கே, களனி கங்கைக்குத் தெற்கில் உள்ள கொலன்னாவை தாழ்நிலப் பிரதேசமாகும். இங்குள்ள சதுப்பு நிலங்கள் மழைவெள்ளத்தைத் தம்மிடம் தேக்கி, மெல்ல மெல்ல வாய்க்கால்களுக்கு விடும் இயல்புடையவை. காலப்போக்கில் இவற்றுட் பல பகுதிகள் மண்ணிட்டு நிரப்பப்பட்டன. 2016 ஆம் ஆண்டு மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை கடுமையாகப் பாதிக்கப்பட்டது. எஞ்சிய ஈரநிலங்களின் பொருட்டு, 2018 ஆம் ஆண்டில் கொழும்பு ராம்சார் உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக ஏற்றுக்கொள்ளப்பட்டது.

வீட்டுத்தோட்டத்தில் வெட்டும் சிறுகுளம் வெள்ளத்தைத் தடுக்காது. ஆயினும், வாழிடம் இழந்த தவளைக்கும் தும்பிக்கும் அது புகலிடமாகும். அவ்வுயிர்கள் மரக்கறிப் பாத்திகளிலும் அண்டையிலுள்ள வயல்களிலும் பூச்சிகளைத் தின்று கமக்காரருக்கு உதவி புரியும்.

நுளம்பு பற்றிய அச்சம்

2017 ஆம் ஆண்டில் இலங்கையில் 1 இலட்சத்து 86 ஆயிரம் பேருக்கு மேல் டெங்கு நோய்க்கு ஆளாயினர். நுளம்பு பெருக இடமளிப்பது 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டப்படி குற்றமுமாகும். ஆதலால் குளம் என்றதும் மக்கள் அஞ்சுவது இயல்பே. ஆனால் டெங்கு நுளம்பு பெரிதும் விரும்புவது சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு, அடைபட்ட பீலி முதலியவற்றிற் தேங்கும் நீரையே. அங்கே அதன் குடம்பிகளைத் தின்னும் உயிர்கள் இல்லை. மீனும் தும்பிக் குடம்பியும் வாழும் குளத்தில் நுளம்புக் குடம்பிகள் தப்புவது அரிது. எனவே குளத்தை உயிருள்ளதாக வைத்திருப்பதே முதற் கடமை.

இடமும் காலமும்

நாளொன்றுக்கு ஐந்து அல்லது ஆறு மணி நேரம் வெயில் படும் இடம் ஏற்றது. பலா, மா முதலிய மரங்களின் கீழ் வெட்டினால் இலைகள் விழுந்து அழுகி நீரைக் கெடுக்கும். மலசலகூடக் குழிக்கும் கழிவு வாய்க்காலுக்கும் அருகில் அமைத்தலாகாது. குப்பையால் நிரப்பிய நிலத்தில் ஊறும் நீர் நஞ்சுடையதாக இருக்கலாம். அத்தகைய இடத்திற் சீமெந்துத் தொட்டியே தக்கது. புதுச் சீமெந்தின் காரம் நீங்கும்வரை தொட்டியைப் பலமுறை நிரப்பி வெறுமையாக்க வேண்டும். மழை குறைந்த சனவரி, பெப்ரவரி மாதங்கள் வெட்டுவதற்கு ஏற்றவை.

வெட்டும் முறை

எட்டடி நீளமும் ஆறடி அகலமும் போதுமானவை. நடுவில் இரண்டடி ஆழம் இருத்தல் வேண்டும். ஒரு பக்கத்தை முக்காலடி ஆழமுள்ள படியாகவும், எதிர்ப்பக்கத்தை மெல்லச் சரியும் கரையாகவும் அமைக்க வேண்டும். சரிவு இல்லையேல் இளந்தவளைகள் வெளியேற இயலாது. தவறி விழும் அணிலும் மூழ்கிவிடும்.

கோடையிலும் இரண்டடிக்குள் நீர் ஊறும் தாழ்நிலத்திற்கு விரிப்புத் தேவையில்லை. அங்கே பொலித்தீன் விரித்தால் நிலத்தடி நீர் அதனை மேலே தள்ளிவிடும். மேட்டு நிலத்திற் குழைத்த களிமண்ணை நான்கு அங்குலக் கனத்துக்கு மிதித்து இறுக்கலாம். அல்லது மணல் பரப்பித் தடித்த பொலித்தீன் விரிக்கலாம். கூரையிலிருந்து வடியும் மழைநீரே நிரப்புதற்குச் சிறந்தது. குழாய் நீராயின், மீன் விடுமுன் சில நாட்கள் வெயிலில் நிற்க விடல் வேண்டும்.

குளத்தைச் சுற்றி அரையடி உயர வரம்பு கட்டுதல் அவசியம். பாத்திகளிலிருந்து உரமும் பூச்சிநாசினியும் மழைநீருடன் கலந்து வருவதை அது தடுக்கும். தவளையின் தோல் நஞ்சை எளிதில் உறிஞ்சுமாதலால், குளத்தின் அருகிற் பூச்சிநாசினி தெளித்தலாகாது.

செடியும் மீனும்

ஆழத்தில் நீலோற்பலமும், படியில் வசம்பும், ஈரக்கரையில் வல்லாரையும் பொன்னாங்காணியும் நடலாம். ஆகாயத்தாமரையையும் சல்வீனியாவையும் ஒருபோதும் இடலாகாது. அவை விரைவிற் பரவி நீர்ப்பரப்பை மூடிவிடும். நாட்டுச் சிறுமீன்கள் ஐந்தாறு போதும். கப்பி முதலிய அயல்நாட்டு மீன்களை விட்டால், வெள்ளத்தில் அவை சதுப்பு நிலத்தை அடைந்து நாட்டுமீன்களுக்கு இடையூறு செய்யும். மீன்கள் தவளைக் குஞ்சுகளையும் தின்னுமாதலால், ஆழமற்ற பகுதியிற் செடிகள் அடர்ந்திருத்தல் நன்று.

பராமரிப்பு

வாரம் ஒருமுறை வெண்ணிறக் கோப்பையால் நான்கைந்து இடங்களில் நீரை அள்ளிப் பார்க்க வேண்டும். நுளம்புக் குடம்பிகள் நெளியக் காணின், அழுகிய இலைகளை அகற்றி மேலும் சில மீன்களை விடல் வேண்டும். அதன் பின்னும் காணப்படின் மீன்களை வாளிக்கு மாற்றி, நீரைப் பாத்திகளுக்கு இறைத்துக் குளத்தைத் துப்புரவு செய்து நிரப்புக. மண்ணெண்ணெய் ஊற்றலாகாது; அது நுளம்பை உண்ணும் உயிர்களையும் கொல்லும். கோடையில் நீர்மட்டம் குறையாது பார்த்துக்கொள்ள வேண்டும்.

சிறு பிள்ளைகள் உள்ள வீட்டிற் குளத்தைச் சுற்றி உறுதியான வேலி இன்றியமையாதது. சில அங்குல நீரும் குழந்தையின் உயிருக்கு ஆபத்தாகும்.

குளம் வெட்டிய கமக்காரர் வளவிலுள்ள சிரட்டைகளையும் ரயர்களையும் அகற்றாது விடுவாராயின், டெங்கு அபாயம் நீங்காது. இரண்டையும் ஒருங்கே செய்தலே முறை.