மலைத் தீபமும் ரூட்டர் கடிகாரமும்

கார்த்திகை தீபத்தன்று மாலை 6 மணி. திருவண்ணாமலை கிரிவலப் பாதையில், பெரிய கோயிலுக்கு மலையின் மறுபக்கம் இருக்கும் அடி அண்ணாமலையில் வாசல்தோறும் அகல் விளக்குகள் தயாராக இருக்கும். ஆனால், உச்சியில் மகாதீபம் தெரிந்த பிறகுதான் ஏற்றுவார்கள். வீட்டுக் கடிகாரம் முன்னே பின்னே ஓடினாலும் பரவாயில்லை. எல்லோருக்கும் அடையாளம் ஒரே சுடர்தான்.

இ-சேவை மையத்தையும் உங்கள் வீட்டையும் இணையத்தோடு இணைக்கும் ரூட்டர்களுக்கும் இப்படி ஒரு பொது அடையாளம் தேவை.

ரூட்டருக்கு எதுக்குங்க மணி?

பல வீட்டு ரூட்டர்களில் மின்சாரம் இல்லாமல் ஓடும் கடிகாரம் கிடையாது. கரண்ட் போய் வந்தால் சில ரூட்டர்கள் 1970 ஜனவரி 1 என்று காட்டும். உடனே நெட்வொர்க் வழியாக ஒரு நேர சர்வரிடம் 'இப்போ மணி என்ன?' என்று கேட்கும். பதில் வந்து சேர ஆன நேரத்தையும் கணக்கில் எடுத்துக்கொண்டு தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளும். இந்த முறைக்கு என்.டி.பி. என்று பெயர்.

நம் நாட்டின் நேரத்தைப் பராமரிப்பது புது தில்லியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம். அங்குள்ள அணுக் கடிகாரங்கள்தான் நமக்கு மலைத் தீபம்.

நேரம் தப்பினால்...

ரீஸ்டார்ட், அப்டேட் போன்ற வேலைகளை ஆள் இல்லாத நேரத்தில் தானாக நடக்கும்படி ரூட்டரில் வைப்பார்கள். உலகப் பொது நேரத்தைவிட நம் நேரம் 5.30 மணி முன்னால் இருக்கிறது. இந்திய நேரம் என்று மாற்றாமல் விட்டால், காலை 6 மணிக்கு வைத்த ரீஸ்டார்ட் 11.30 மணிக்கு நடக்கும். வருமானச் சான்றிதழுக்கு நீங்கள் பணம் கட்டும் நேரமாக அது இருந்தால்?

முக்கியமான இடங்களில் இரண்டு ரூட்டர்கள் இருக்கும். ஒன்று வேலை செய்யும். 'நான் இருக்கேன்' என்று வழக்கமாக நொடிக்கு ஒருமுறை சொல்லும். சுமார் மூன்று நொடி சத்தமில்லை என்றால் மற்றது பொறுப்பேற்கும். ஆனால் பாதுகாப்பான இணைப்புக்கான டிஜிட்டல் சான்றிதழுக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. மாற்று ரூட்டரின் கடிகாரம் 1970-இல் நின்றால், அது நல்ல சான்றிதழையும் 'செல்லாது' என்று மறுத்துவிடும். ஆபத்துக்கு உதவ வைத்தது அந்த நேரத்தில் உதவாமல் போகும்.

யார் பெயர் பதிவாகும்?

ஒரே இணைய முகவரியைப் பல சந்தாதாரர்கள் மாறி மாறிப் பயன்படுத்துவது உண்டு. ஆன்லைன் மோசடி நடந்தால் காவல்துறை கேட்பது: 'இந்த நிமிடத்தில் இந்த முகவரி யாரிடம் இருந்தது?' பதிவில் சில நிமிடம் தவறினாலும் சந்தேகம் சம்பந்தமில்லாத வீட்டின் மேல் விழலாம். பணம் இழந்தவருக்கும் தடயம் நழுவும்.

இதற்காகத்தான் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று உத்தரவிட்டது. சேவை நிறுவனங்களும் அரசு அலுவலகங்களும் தேசிய தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்தோடு தங்கள் கணினிக் கடிகாரங்களை ஒத்திசைக்க வேண்டும். பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• போனில் 'தானியங்கி தேதி, நேரம்' எப்போதும் ஆனில் இருக்கட்டும். தேதி தவறினால் பல ஆப்களும் இணையதளங்களும் திறக்காது.

• வீட்டு ரூட்டரின் அமைப்புகளில் இந்திய நேரம் (5.30) தேர்வாகியிருக்கிறதா, என்.டி.பி. ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். தெரியவில்லை என்றால் இணைப்பு கொடுத்தவரிடம் கேளுங்கள்.

• ஆன்லைனில் பணம் இழந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள். குறுஞ்செய்தியை அழிக்காதீர்கள், பணம் போன தேதி, மணி, நிமிடத்தை அதைப் பார்த்து அப்படியே சொல்லுங்கள். உத்தேசமாகச் சொல்லாதீர்கள். சரியான நேரம் தேடலுக்கு உதவும்.