உங்களுக்குத் தெரியுமா? பொன் எழுத்து அட்டைகளும் முதற்பதிப்புகளும்

● புத்தகத்துக்குத் துணி அட்டை போடும் வழக்கம் 1820களில் லண்டனில் தொடங்கியது. அதற்கு முன் சாதாரணக் காகித அட்டையோடுதான் புத்தகம் கடைக்கு வரும்; வாங்கியவர் தன் வசதிக்கேற்பத் தோலில் பைண்ட் செய்துகொள்வார். துணிமேல் பொன்தாளை அழுத்திப் பதிக்கும் முறை 1832 வாக்கில் வந்தது. விக்டோரியா காலத்து நாவல்களின் கொடியும் பூவும் அதற்குப் பிந்தியவை.

● ஹ்யூ தாம்சன் வரைந்த பொன்மயில் அட்டையோடு 1894இல் வந்த ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ நல்ல விலை போகிறது. அது முதற்பதிப்பே அல்ல! முதற்பதிப்பு 1813, எழுதிய ஜேன் ஆஸ்டினோ விக்டோரியா பட்டமேறும் முன்பே, 1817இல் காலமானவர். மயிலுக்குத்தான் அத்தனை மவுசு.

● விக்டோரியா காலத்தில் புது நாவல் என்றால் மூன்று பாகம். விலை 31 ஷில்லிங் 6 பென்ஸ். யார் வாங்குவது? மூடி என்பவரின் வாடகை நூலகத்தில் ஆண்டுக்கு ஒரு கினி (21 ஷில்லிங்) கட்டி எடுத்துப் படித்தார்கள். பல வீடு சுற்றி வந்ததால், கசங்காத மூன்று பாகங்களும் ஒருசேரக் கிடைப்பது அபூர்வம்.

● டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 1836-37இல் மாதம் ஒரு ஷில்லிங் இதழாக வந்தது. தொடக்கத்தில் அச்சிட்டது சுமார் 1,000, முடிவில் 40,000. ஆகவே முதல் சில இதழ்களுக்குத்தான் அடிபிடி. நம் ஊரிலும் இதே கதை உண்டு. ராஜமய்யரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் ‘விவேக சிந்தாமணி’யில் தொடராக வந்து, 1896இல் நூலானது. ‘பொன்னியின் செல்வன்’ தொடரை ‘கல்கி’யிலிருந்து கிழித்து, மணியம் ஓவியங்களோடு பைண்ட் செய்து வைத்த வீடுகள் எத்தனை! என்னைக் கேட்டால், அதுதான் அதன் உண்மையான முதற்பதிப்பு.

● பச்சைத் துணி அட்டையா? எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டாதீர்கள். அக்காலப் பளீர்ப் பச்சைச் சாயம் சிலவற்றில் ஆர்சனிக் கலந்தது. அமெரிக்காவின் விண்டர்தர் அருங்காட்சியகம் 2019 முதல் இத்தகைய நூல்களைக் கண்டறிந்து பட்டியலிடுகிறது.

● லண்டன் ரயில் நிலையத்தில் டபிள்யூ.எச். ஸ்மித் புத்தகக் கடை திறந்தது 1848இல். பயணிகளுக்காகவே மஞ்சள் அட்டையில் வண்ணப்படம் போட்ட மலிவு நாவல்கள் வந்தன. படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டுப் போகிற சரக்கு. மைக்கேல் சாட்லியர் என்ற பதிப்பாளர் அவற்றையும் விடாமல் சேர்த்தார். 1951இல் இரண்டு தொகுதிகளாக வந்த அவருடைய பட்டியல்தான் இன்றும் சேகரிப்பாளர்களுக்கு வழிகாட்டி.

● நம் பக்கம் வந்த ஆங்கில நாவல்களில் பல, மாக்மில்லன் 1886இல் தொடங்கியது போன்ற ‘காலனி’ வரிசைகளைச் சேர்ந்தவை. இந்தியாவிலும் பிரிட்டிஷ் காலனிகளிலும் மட்டுமே விற்க என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். தாத்தா வைத்திருந்தது என்பதற்காக லண்டன் முதற்பதிப்பு என்று நம்பி ஏமாற வேண்டாம்.

● விக்டோரியா ஆட்சிக்காலத்தில் வந்த தமிழின் முதல் நாவல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ (1879). எழுதிய வேதநாயகம் பிள்ளை, திருச்சிக்கு அருகே குளத்தூரில் 1826இல் பிறந்து, திருச்சி நீதிமன்றத்தில் வேலை பார்த்து, பிறகு மாயூரத்தில் முன்சீப் ஆனவர். திருச்சிக்காரர் தேடவேண்டிய விக்டோரியா கால முதற்பதிப்பு டிக்கன்ஸ் அல்ல, இதுதான்.

● கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த நூல்களைச் சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியது. இன்று சென்னையில் அவர் பெயரிலேயே ஆய்வு நூலகம் இருக்கிறது. திருச்சிக்குப் பக்கத்திலேயே, புதுக்கோட்டையில், கிருஷ்ணமூர்த்தி–டோரதி இணையர் உருவாக்கிய ‘ஞானாலயா’ தமிழ் முதற்பதிப்புகளுக்கே பேர்போனது. பரணில் பழைய புத்தகம் இருந்தால் ஓரம் வெட்டி ரெக்சின் பைண்டிங் போட்டுவிடாதீர்கள். பழைய பேப்பர்காரரிடம் எடைக்கும் போடாதீர்கள். முதலில் இப்படிப்பட்ட ஒரு நூலகத்தில் காட்டிக் கேளுங்கள்.