எழுத்தின் இடமும் சொல்லின் ஊரும்

‘ஜே’ என்னும் எழுத்தில் முடியும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டுக என்று மாணவரிடம் கேட்டால், வகுப்பில் சிறிது நேரம் அமைதி நிலவும். பின்னர் ஒருவர் ‘ராஜ்’ என்பார். மற்றொருவர் ‘ஹஜ்’ என்பார். இரண்டும் ஆங்கில அகராதிகளில் இடம்பெற்றவையே. ஆயினும் ஒன்று இந்தியாவிலிருந்தும் மற்றொன்று அரபு மொழியிலிருந்தும் சென்றவை. ‘கியூ’வை அடுத்து ‘யூ’ வாராத சொற்களைத் தேடினாலும் இதே நிலைதான். உயிராற்றலைக் குறிக்கும் ‘சீ’ சீனத்தது; ‘புர்கா’ அரபு வழியது. ‘பீ’யும் ‘எச்’சும் இணைந்து ‘எஃப்’ ஒலி தரும் சொற்களோ பெரும்பாலும் கிரேக்கம் நோக்கி நம்மை அழைத்துச் செல்லும்.

ஸ்கிராபிள் ஆடுவோர் இத்தகைய சொற்களை மனப்பாடம் செய்து வைத்திருப்பர். அவ்வாட்டத்தின் 100 கட்டைகளில் ‘ஈ’ எழுத்துக்கு 12 உண்டு, ‘கியூ’வுக்கு ஒன்றுதான், அதன் மதிப்பு 10 புள்ளிகள். புள்ளிக்காகத் தேடினாலும், ஒரு சொல்லுக்குள் எழுத்து நிற்கும் இடம் அச்சொல்லின் ஊரைச் சொல்லிவிடுகிறது.

எழுத்தைப் பற்றிக்கொண்டு சொல்லைத் தேடுவது தமிழர்க்குப் புதிதன்று. மண்டலபுருடரின் சூடாமணி நிகண்டு, ஒருசொல் பல்பொருள் தொகுதியில், சொற்களை எதுகையால், அதாவது இரண்டாம் எழுத்தால் அடுக்கியது. செய்யுள் இயற்றுவோனுக்கு வேண்டியது அதுவே. முதலெழுத்து வரிசையைக் கைக்கொண்ட அகராதி நிகண்டு 1594இல் தோன்றியது. 1732இல் வீரமாமுனிவர் இயற்றிய சதுரகராதியிலோ நான்காம் பகுதியே தொடையகராதி. அகர வரிசை வேரூன்றிய பின்னரும் எதுகை தேடுவோரை அவர் கைவிடவில்லை.

எந்த எழுத்து சொல்லின் முதலில் வரும், எது இறுதியில் நிற்கும் என்பதைத் தொல்காப்பியமும் நன்னூலும் வரையறுத்துள்ளன. ட, ர, ல முதலியவை மொழிக்கு முதலாகா. க், ச், ட், த், ப், ற் என்னும் வல்லின மெய்கள் இறுதியில் நில்லா. தேர்வுக்கு உரிய நூற்பா என்று மாணவர் இதனை ஒதுக்குவதுண்டு. லிட்டில் இந்தியா பெருவிரைவு நிலையத்தில் இறங்கிப் பெயர்ப்பலகைகளைப் படித்தால் அந்நூற்பா உயிர்பெறும்.

நிலையத்தின் பெயரே லகரத்தில் தொடங்குகிறது. ‘ரேஸ் கோர்ஸ்’ என்பது ரகரத்தில் தொடங்கி ஸகர மெய்யில் முடிகிறது. வடகிழக்குப் பாதையில் அடுத்த நிலையமான ‘டோபி காட்’ தொடக்கம், இறுதி இரண்டிலும் விதியை மீறுகிறது. இப்பெயர் சற்று நின்று ஆராயத் தக்கது. வெளுப்போர் துறை எனப் பொருள்படும் இந்திச் சொற்கள் இவை. இந்தியில் முதலெழுத்து நாக்கு பல்லைத் தொட ஒலிப்பது. ஆகவே நேரே தமிழுக்கு வந்திருப்பின் ‘தோபி’ என்றே வந்திருக்கும். வழக்கிலும் அவ்வாறு சொல்வதுண்டு. ஆங்கிலத்தின் ‘டீ’ என்னும் எழுத்தில் தங்கி வந்தமையால் தகரம் டகரமாயிற்று. ஒரு சொல் பிறந்த ஊர் மட்டுமன்றி, அது கடந்து வந்த வழியும் ஓர் எழுத்தில் பதிந்திருக்கிறது.

கேம்பல் லேன் வேறு வகை. ஆங்கிலப் பலகையில் ‘பீ’, ‘பி’ என்னும் இரண்டெழுத்துகளும் அடுத்தடுத்துக் கண்ணுக்குத் தெரியும். ஒலிக்கையில் முன்னது காதுக்கு எட்டாது. ஆங்கில எழுத்துத் தேடல் பெரிதும் கண்ணின் வேலை. எதுகைத் தேடல் காதின் வேலை. இரு மொழி கற்கும் நம் மாணவர்க்கு இரண்டும் வேண்டும்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. ‘தேக்கா’ என்பதைப் பாருங்கள். தகரத்தில் தொடங்கி ஆகாரத்தில் முடியும் அச்சொல்லில் பிழை சொல்ல நன்னூலாராலும் இயலாது. ஆயினும் அது மூங்கிலடி எனப் பொருள்படும் ஹொக்கியன் சொல். அவ்வாறே கட்டுமரம் ‘கேட்டமரான்’ ஆகவும், சுருட்டு ‘செரூட்’ ஆகவும், கறி ‘கரி’ ஆகவும் ஆங்கிலத்துள் புகுந்து, அயல் அடையாளம் ஏதுமின்றி வாழ்கின்றன. விதியை மீறும் சொல்லையே எழுத்து காட்டிக்கொடுக்கும். பழகிவிட்ட சொல்லைக் காட்டிக்கொடுக்காது. அங்கே அகராதியும் வரலாறும்தான் துணை.

எழுத்திலே மீறப்படும் இவ்விதிகள் பேச்சிலே இன்னும் ஆட்சி செய்கின்றன. ‘கேக்கு’, ‘கேட்டு’, ‘பஸ்ஸு’ என்று இறுதியில் உகரம் சேர்ப்பவரைக் கொச்சையாகப் பேசுகிறார் என்று திருத்துகிறோம். சொல்லிறுதியில் வல்லின மெய்யை நிறுத்தாத பழைய மரபைத்தான் அவர் நா காக்கிறது என்பதையும் வகுப்பில் சொல்லலாமே.

இன்று பலர் கைப்பேசியில் ஆங்கில எழுத்துகளைத் தட்டியே தமிழ்ச் சொல்லைத் தேடுகின்றனர். விரைவு கருதி அதனைக் குறைகூற வேண்டுவதில்லை. ஆனால் ‘எல்’ என்னும் ஓரெழுத்தைப் பலரும் ல, ள, ழ மூன்றுக்கும் தட்டுகின்றனர். திரையில் தோன்றும் பட்டியலில் எது உரியது என்று தேர்வது தேடுபவரின் பொறுப்பாகிறது. ‘வாலை’, ‘வாளை’, ‘வாழை’ மூன்றையும் பலகையில் எழுதி, தேக்கா சந்தையில் எதனை மீன்கடையில் கேட்பது, எதனைப் பழக்கடையில் கேட்பது, எதனை எக்கடையிலும் கேட்க இயலாது என்று வினவிப் பாருங்கள்.