பழைய வழங்கிக் கணனியை மீண்டும் இணைக்கும் முன்

புலம்பெயர் நாடுகளில் எமது சங்கங்களினதும் தமிழ்ப் பாடசாலைகளினதும் களஞ்சிய அறைகளில் பழைய வழங்கிக் கணனிகள் தூசு படிந்து கிடப்பதுண்டு. உறுப்பினர் பதிவேடு, பரீட்சைப் புள்ளிகள், விழாப் படங்கள், பாமினி எழுத்துருவில் அமைத்த மலர்கள் எனப் பிரதியற்ற ஆவணங்கள் பல அவற்றினுள்ளே உறங்குகின்றன. அவற்றை மீட்கும் அவசரத்தில் அக்கணனியை அப்படியே வலையமைப்பில் செருகினால், அலுவலகம் முழுவதும் இணைப்பிழந்து தவிக்க நேரிடலாம்.

காரணம் எளிது. வலையமைப்பிலுள்ள ஒவ்வொரு கணனிக்கும் தனித்தவோர் ஐபி முகவரி வேண்டும். உள்வலையமைப்புகளுக்கென ஒதுக்கப்பட்ட முகவரிகளுள் 192.168 எனத் தொடங்குபவற்றையே சிறு அலுவலகங்கள் பெரிதும் கையாள்கின்றன. வழங்கிக்கு மாறாத முகவரியொன்றை எழுதிவைப்பது வழமை. அது அணைந்து கிடந்த ஆண்டுகளில், அதே முகவரி புதிய அச்சுப்பொறிக்குச் சென்றிருக்கக்கூடும். ஒரே வீட்டு இலக்கத்தில் இருவர் குடியிருந்தால் கடிதங்கள் மாறிப்போவது போல, செய்திகள் ஒருமுறை இதற்கும் மறுமுறை அதற்குமாகச் செல்லும்.

இதனினும் பெருந்தொல்லை ஒன்றுண்டு. முகவரிகளைப் பங்கிடும் டிஎச்சிபி பணியை இன்று பெரும்பாலும் ரவுட்டரே செய்கின்றது. பழைய வழங்கியும் அப்பணியைத் தொடங்கினால், முந்திக்கொண்டு விடையளிப்பதிடம் கணனிகள் முகவரி பெறும். வழங்கி காட்டும் பழைய வாசல் இன்று இல்லாததாயின் அக்கணனிகளுக்கு இணையம் அற்றுப்போகும்.

ஆகவே, வலைக்கம்பியைக் கழற்றிவிட்டு, திரையும் விசைப்பலகையும் பூட்டி, வழங்கியைத் தனியே இயக்குதல் வேண்டும். நெடுங்காலம் ஓடாத வன்தட்டு மறுமுறையும் எழும் என்பதற்கு உறுதியில்லை. எனவே முதல் வேலை, ஆவணங்களை வெளி வன்தட்டொன்றில் பிரதிசெய்வதே. பாமினி எழுத்துருவையும் உடன் எடுத்துக்கொள்க. அஃதின்றேல் மலர்களின் பக்கங்கள் ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். நாளும் நேரமும் பிழையாயிருந்தால், தாய்ப்பலகையின் நாணய வடிவ மின்கலத்தை மாற்றுக. பெரும்பாலும் அது சிஆர் 2032 வகையாகவே இருக்கும்.

அடுத்து, டிஎச்சிபி சேவையை நிறுத்தி, மறுபடி தானே தொடங்காதபடி முடக்குக. ரவுட்டர் பங்கிடும் எல்லைக்கு வெளியே, எக்கருவிக்கும் கொடுபடாத முகவரியைத் தெரிவு செய்க. 'பிங்' கட்டளைக்கு விடை வராதது மட்டும் போதிய சான்றாகாது. அக்கருவி அணைந்திருக்கலாம், அல்லது விடையளிக்காதபடி அமைக்கப்பட்டிருக்கலாம். கணனியின் பெயரும் வேறெதற்கும் இல்லாததாக இருத்தல் வேண்டும்.

பாதுகாப்பையும் மறத்தலாகாது. விண்டோஸ் சேவர் 2003க்கான ஆதரவு 2015 யூலை 14இல் முடிவுற்றது. 2017 மே மாதத்தில் வன்னாக்கிரை என்னும் நச்சுநிரல், விண்டோசின் பழைய கோப்புப் பகிர்வு முறையிலிருந்த ஓட்டையினூடாகப் பரவி, பிரித்தானிய மருத்துவமனைகளையும் நிலைகுலையச் செய்தது. ஆதலால் பழைய வழங்கி இணையத்தை எட்டாதபடி ரவுட்டரில் தடைசெய்தல் அவசியம்.

பிரதி கைக்கு வந்தபின், இணைக்கும் தேவையே பல சங்கங்களுக்கு இராது. கணக்கு மென்பொருள் போன்றதொன்று அதிலேயே இயங்கவேண்டியிருந்தால் மட்டும் இணைப்போம். அப்போது புதிய முகவரியையும் பெயரையும் கணனியின் மேல் ஒட்டிவைத்து, கூட்டக் குறிப்பேட்டிலும் பதிவோம். நாளை பொறுப்பேற்கும் இளையோர் இதே சிக்கலில் மாட்டாதிருக்க அது உதவும்.