பஸ் சீட்டும் ஹோட்டல் ரூமும் ஒண்ணா?

போன எபிசோடுக்குப் பிறகு வந்த கேள்வி இது: "பஸ் டிக்கெட் புக்கிங்குக்கு ஒரு சாஃப்ட்வேர் எழுதியாச்சு. அதையே ஹோட்டல் ரூமுக்கும் மாத்திக்கலாமா? ரெண்டும் புக்கிங்தானே?"

மேலோட்டமாகப் பார்த்தால் ஆமாம். கஸ்டமர், தேதி, பேமென்ட், கேன்சல் எல்லாம் பொது. உள்ளே போனால்தான் கதை மாறுது. சென்னை–மதுரை பஸ்ஸில் 12-ஆம் நம்பர் சீட்டில் இருப்பவர் திருச்சியில் இறங்கினால், அங்கிருந்து மதுரைக்கு அதே சீட்டை இன்னொருவருக்கு விற்கலாம். விற்பது குறிப்பிட்ட ஒரு சீட்டை, பாதையின் ஒரு பகுதிக்கு. ஹோட்டலில் பெரும்பாலும் விற்பது 'டபுள் ரூம்' என்கிற வகையை, இத்தனை இரவுக்கு என்று. எந்த ரூம் என்பது செக்-இன் அப்போ முடிவானால் போதும்.

ஆனால் கவனிங்க, ஊர்களும் வரிசை, இரவுகளும் வரிசை. ரெண்டிலும் 'இதிலிருந்து இது வரை' காலியா என்பதுதான் கேள்வி. அந்தப் பகுதியைத் தனி லைப்ரரியா எடுக்கலாம். சீட் நம்பரை எடுக்கக் கூடாது.

இப்படி எது பொது, எது மாறும் என்று முதலிலேயே பிரித்துப் பார்ப்பதுதான் டொமைன் அனாலிசிஸ். எரிக் எவன்ஸின் 2003 புத்தகம் நம்மில் பலருக்குத் தெரியும். ஆனால் ஜேம்ஸ் நெய்பர்ஸ் தன் பிஎச்டி ஆய்வில் இதைப் பேசியது 1980-லேயே.

பிரிக்காமல் விட்டால் என்ன ஆகும்? 1996 ஜூன் 4, பிரெஞ்சு கயானா. ஏரியான் 5 ராக்கெட்டின் முதல் பயணம். அதன் திசையையும் வேகத்தையும் கணிக்கும் கருவியில் ஓடியது ஏரியான் 4-இன் சாஃப்ட்வேர். அதில் கிடைமட்ட வேகம் சார்ந்த ஒரு 64-பிட் எண்ணை 16-பிட் முழு எண்ணாக மாற்றும் இடம் ஒன்று. அதிகபட்சம் 32,767 வரைதான் தாங்கும். ஏரியான் 4 பறக்கும் பாதையில் அது அந்த அளவைத் தாண்டவே தாண்டாது. ஏரியான் 5-இன் பாதை வேற, கிடைமட்ட வேகம் ரொம்ப அதிகம். ஓவர்ஃப்ளோ. பேக்கப் கருவி இருந்தது, ஆனால் அதிலும் அதே சாஃப்ட்வேர்! கிளம்பி சுமார் 40 வினாடியில் ராக்கெட் சிதறியது. கூடவே நான்கு கிளஸ்டர் செயற்கைக்கோள்களும்.

எனக்கு இதில் ரொம்ப உறுத்துவது வேறொன்று. அந்தக் கணக்கே பறக்க ஆரம்பித்த பிறகு ஏரியான் 5-க்குத் தேவையில்லை. ஏரியான் 4-இல் கவுன்ட்டவுன் கடைசி நேரத்தில் நின்றால் சீக்கிரம் மறுபடி தொடங்குவதற்காக வைத்தது. நல்லா ஓடுதே, ஏன் தொடணும் என்று விட்டுவிட்டார்கள். கோடில் இருந்தது விடை மட்டும்தான். 'எந்த ராக்கெட்டுக்கு, ஏன்' என்கிற நிபந்தனை அதோடு சேர்ந்து வரலை.

அதனால் கேள்வி கேட்ட நண்பருக்கு: ரெப்போவை ஃபோர்க் பண்றதுக்கு முன்னாடி ஒரு ஹோட்டல் ஃப்ரன்ட் ஆபீஸில் அரை நாள் உட்காருங்க. 'நோ-ஷோ' ஆனால் ரூமை எப்போ விடுவீங்க என்று கேளுங்க. பஸ்ஸில் அது வண்டி கிளம்புற நிமிஷம். அவங்க என்ன சொல்றாங்கன்னு எங்களுக்கும் எழுதுங்க.