ரேடியோ நெல்!

'ரேடியோ நெல்' என்று ஒரு நெல் இருந்தது தெரியுமா? "கதிரைக் காதில் வைத்தால் பாட்டு கேட்குமா?" என்று சிரிக்காதீர்கள். சிறு வயதில் நானும் அப்படித்தான் என் அப்பாவிடம் கேட்டேன்!

எங்கள் ஊர் திருமானூர், கொள்ளிடத்தின் வடகரை. பாலம் தாண்டித் தெற்கே போனால் திருவையாறு. நான் சிறுவனாக இருந்தபோது எல்லார் வீட்டிலும் ரேடியோ கிடையாது. ரேடியோ வைத்துக்கொள்ள அஞ்சலகத்தில் பணம் கட்டி லைசென்ஸ் வாங்க வேண்டும்! அதனால் மாலையானால் பெரியவர்கள் பஞ்சாயத்து ரேடியோவின் முன்னே கூடுவார்கள். துண்டை விரித்து உட்கார்ந்து, சுமார் 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள திருச்சி வானொலி நிலையத்தைக் கேட்பார்கள்.

அந்த நிலையம் பிறந்த கதையைப் பார்ப்போமா?

1924-ல் சி.வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் சென்னையில் ஒரு வானொலிக் கழகம் தொடங்கியது. ஆர்வம் இருந்தது, பணம் இல்லை. 3 ஆண்டுகளில் ஒலிபரப்பு நின்றது. பிறகு 1930-ல் சென்னை மாநகராட்சி அந்தக் கருவியைக் கொண்டு ஒலிபரப்பத் தொடங்கியது. 1938-ல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் வந்தது. அடுத்த ஆண்டே, 1939 மே 16-ல், திருச்சி நிலையம் பிறந்தது. திறந்து வைத்தவர் அப்போது சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்த ராஜாஜி.

1947-ல் நாடு விடுதலை பெற்றபோது இந்தியாவுக்குக் கிடைத்த வானொலி நிலையங்கள் எத்தனை தெரியுமா? ஆறே ஆறு! டெல்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, லக்னோ, திருச்சி. அவற்றில் இரண்டு நம் தமிழகத்தில். நமக்குப் பெருமைதானே?

சரி, குரல் எப்படி ஆற்றைத் தாண்டி வந்தது?

குரல் தானாக அவ்வளவு தூரம் போகாது. அதைச் சுமந்து செல்ல ஒரு ரேடியோ அலை வேண்டும். அதற்கு ஊர்தி அலை என்று பெயர். பேசுபவர் உரக்கப் பேசினால் அந்த அலையின் உயரம் கூடும். மெல்லப் பேசினால் குறையும். நம் ரேடியோ அந்த ஏற்ற இறக்கத்தைப் பிரித்து, மீண்டும் குரலாக்கித் தரும். இதுதான் ஏ.எம். முறை.

ஒரு கணக்கு போடுங்கள். திருச்சியின் மத்திய அலை எண் 936 கிலோஹெர்ட்ஸ். அதாவது நொடிக்கு 9,36,000 அதிர்வுகள். ரேடியோ அலை ஒரு நொடியில் 30 கோடி மீட்டர் ஓடும். வகுத்துப் பாருங்கள். ஓர் அலையின் நீளம் சுமார் 320 மீட்டர்!

இப்போது நெல்லுக்கு வருவோம். 1960-களில் நாட்டில் உணவுப் பஞ்சம். தஞ்சை மாவட்டத்தில் உள்ள ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், ஜப்பான் நெல்லையும் நம் நாட்டு நெல்லையும் கலந்து ஒரு புதிய குறுகிய கால நெல்லை உருவாக்கியது. பெயர் ஏ.டி.டி. 27. 1966-ல் திருச்சி வானொலியில் பண்ணை இல்லப் பிரிவு தொடங்கியது. எப்போது விதைப்பது, எவ்வளவு உரம் இடுவது என்று வானொலி விளக்கியது. விவசாயிகள் அதைக் கேட்டுப் பயிரிட்டார்கள். எண்ணைச் சொல்லாமல் 'ரேடியோ நெல்' என்றே அழைத்தார்கள்!

எங்கள் அப்பாவுக்கு நிலம் 2 ஏக்கர்தான். விளையாவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. முகம் தெரியாத ஒருவர் சொன்னதை நம்பி விதைக்கலாமா? அம்மாவுக்குப் பயம். அப்பா அவசரப்படவில்லை. வானொலியில் சொன்னதைக் கிராம சேவக்கிடம் போய் விசாரித்தார். அக்கரையில் பயிரிட்டிருந்த என் மாமாவின் வயலை நேரில் பார்த்தார். அப்புறமும் அரை ஏக்கரில் மட்டும் நட்டார். அது நன்றாக விளைந்தது. மறு வருடம்தான் மற்ற நிலத்திலும் நட்டார்.

இன்று கைப்பேசியில் நிமிடத்துக்கு ஒரு செய்தி வருகிறது. "புயல் வருகிறது", "பள்ளிக்கு விடுமுறை" என்று யார் யாரோ அனுப்புகிறார்கள். உடனே நாமும் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறோம். சொன்னவர் யார்? அவருக்கு அது எப்படித் தெரியும்? வேறு யாரிடம் கேட்டு உறுதி செய்யலாம்? எழுதப் படிக்கத் தெரியாத என் அப்பா இந்த மூன்று கேள்விகளையும் கேட்டுவிட்டுத்தான் நாற்றங்காலில் இறங்கினார்.

வீட்டுப் பரணில் பழைய ரேடியோ இருக்கிறதா? பெரியவர்களிடம் கேட்டு எடுத்து, பேட்டரி போட்டு, இரவில் மத்திய அலையில் முள்ளை மெதுவாகத் திருப்புங்கள். பகலில் கேட்காத தொலைதூர நிலையங்கள்கூடக் கேட்கலாம். இரவில் வானின் மேலடுக்கு அந்த அலைகளைத் திருப்பி அனுப்புவதே காரணம். மின்னல் வெட்டினால் 'கரகர' என்ற சத்தமும் கேட்கும். இடி மின்னல் நேரத்தில் மட்டும் வெளியே நின்று சோதிக்க வேண்டாம்!

அப்படியே தாத்தா பாட்டியிடம், "ரேடியோ நெல் தெரியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர்களிடமும் ஒரு கதை இருக்கும்!