ஒலியளவுக் குமிழுக்குப் பெயர் சூட்டுதல்

பழைய வானொலிப் பெட்டியில் ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு குமிழ் இருந்தது. அதற்குப் பெயர் தேவைப்படவில்லை. திருகிப் பார்த்தால் விளங்கிவிடும். இன்று கணிப்பொறி வாயிலாக ஊர் நிகழ்ச்சிகளைக் கேட்கும் நேயர்களுக்கு அக்குமிழ் கண்ணில் படுவதில்லை. திரையில் ஒரு பெயரும், அதனருகே ஏறி இறங்கும் ஒரு கோடும் மாத்திரமே தென்படும். ஆதலின் பெயர் பிழையாயின் குமிழே பிழையாயிற்று என்றே கொள்ளவேண்டும்.

லினக்ஸ் இயங்குதளத்தில் ஒலிக்குரிய இயக்கிகளின் தொகுதி 'ஆல்ஸா' எனப்படும். 2002-இல் அது லினக்ஸின் மூலநிரலோடு இணைந்தது. நம் நாட்டில் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய 'பாஸ்' இயங்குதளமும் லினக்ஸ் வழிவந்ததே. ஆல்ஸாவில் பெயர் சூட்டும் முறை ஒழுங்கானது: முதலில் ஒலி செல்லும் இடம், பின் அதன் திசை, பின் செயல். 'ஹெட்ஃபோன் பிளேபேக் வால்யூம்' என்பது போல. 44 எழுத்திடங்களுக்குள் பெயர் அடங்கவேண்டும் என்பதும் விதி.

சங்கடம் எங்கே எழுகிறது? இன்டெல் நிறுவனம் 2004-இல் வகுத்த 'ஹை டெபினிஷன் ஆடியோ' முறையில், ஒலிச் சில்லுக்குள் எண்களை மின்னலையாக மாற்றும் உறுப்புக்கள் சில உண்டு. அவற்றை 'மாற்றி' என்போம். மாற்றியினின்றும் அலை புறப்பட்டு ஒலிபெருக்கி, காதணிக் கருவி, வெளிப்பெட்டி ஆகிய வாயில்களை அடைகிறது. வாயில்கள் மூன்றிருக்க மாற்றிகள் இரண்டே இருப்பதுண்டு. ஒன்றே இருப்பதும் உண்டு. ஒலியளவைக் கூட்டிக் குறைக்கும் பகுதி பெரும்பாலும் மாற்றியில் அமைந்திருக்கும். வாயிலில் இருப்பது அடைக்கும் விசை மட்டுமே. எனவே இரு வாயில்களைத் தனித்தனியே அடைக்க இயலும், ஆனால் தனித்தனியே அளவு வைக்க இயலாது.

மேல்மாடிக்கும் கீழ்வீட்டுக்கும் ஒரே குழாயில் தண்ணீர் வரும் அரசாங்கக் குடியிருப்பை எண்ணிப் பாருங்கள். அக்குழாயின் திருகில் 'மாடி' என்று எழுதி வைத்தால், மாடிக்காரர் ஊருக்குப் போகும்போது அதை மூடிவிட்டுச் செல்வார். கீழ்வீட்டார் பாடு என்ன?

கணிப்பொறியிலும் இதுவே நிகழும். 'பல்ஸ்ஆடியோ', அதற்குப் பின் வந்த 'பைப்வயர்' ஆகிய மேலடுக்கு மென்பொருள்கள் சில்லின் உட்புறத்தைக் காண்பதில்லை. பெயர்களைப் படித்தே நடக்கின்றன. நீங்கள் காதணிக் கருவியைத் தேர்ந்தெடுத்தால், 'ஸ்பீக்கர்' என்ற பெயருள்ள கட்டுப்பாட்டை அவை மூடிவிடும். அக்கட்டுப்பாடு உண்மையில் இரண்டுக்கும் பொதுவாயிருந்தால் காதணிக் கருவியும் ஊமையாகும். கருவியில் பழுதில்லை, கம்பியில் பழுதில்லை, பெயரில்தான் பழுது. அதைத் தேடிக் கண்டுபிடிப்பது எளிதன்று. இராத்திரியில் அண்டை வீட்டார் உறங்கும் வேளை செய்தி கேட்க விழைபவருக்கு இது சிறு தொல்லையும் அன்று.

இயக்கியை எழுதுவோர் இதற்கென ஒரு மரபைக் கைக்கொண்டனர். வாயில்கள் அனைத்துக்கும் மாற்றி ஒன்றே எனில், அதன் அளவைப் பொதுவாக 'மாஸ்டர்' என்றழைப்பர். காதணிக் கருவியும் வெளிப்பெட்டி வாயிலும் அளவைப் பகிர்ந்துகொண்டால் 'ஹெட்ஃபோன்+எல்.ஓ.' என்றும், ஒலிபெருக்கியும் வெளிப்பெட்டி வாயிலும் பகிர்ந்துகொண்டால் 'ஸ்பீக்கர்+எல்.ஓ.' என்றும் எழுதுவர். எல்.ஓ. என்பது லைன் அவுட். காதுக்கு இனிய பெயர்கள் அல்லதான்; கூட்டல் குறியோடு பெயரா என்று முகஞ்சுளிப்பாரும் இருப்பர். எனினும் அழகுக்காக ஒரு பாதியை விட்டுவிடுவதைக் காட்டிலும் இது மேல் என்பது என் அபிப்பிராயம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் இதை உடனே ஒப்புவர். இவ்விரு கூட்டுப் பெயர்களையும் மேலடுக்கு மென்பொருள்கள் அறிந்துவைத்திருக்கின்றன.

உங்கள் கணிப்பொறியில் நிலைமை யாதென அறிய விரும்பினால் 'ஆல்ஸாமிக்ஸர்' என்ற கருவியைத் திறவுங்கள். எஃப்6 விசையால் ஒலி அட்டையைத் தெரிவு செய்யலாம். ஒரு கட்டுப்பாட்டின் கீழ் 'எம்எம்' என்றிருந்தால் அது அடைபட்டுள்ளது. எம் விசையை அழுத்தினால் திறக்கும். பிறகு ஒவ்வொரு கோட்டையும் இறக்கி, எந்த வாயிலில் ஓசை தணிகிறது என்று கேட்டுப் பாருங்கள். முதலில் அளவைத் தாழ்த்திக்கொண்டு, அதன்பின் காதணிக் கருவியை அணிந்துகொள்வது நலம்.